மலை வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரி வீட்டுக்கு மாதம் இரண்டு முறைதான் போகிறோம். ஆள் பார்க்காமலே பூக்கிற செடிகள் சொல்லுங்கள்.

அகபாந்தஸில் ஆரம்பியுங்கள். கோடையில் நீலமும் வெள்ளையுமாக நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். சதைப்பற்றான வேரில் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும் என்பதால், இரண்டு வாரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் தாங்கும். வெயில் படும் இடத்தில் ஓர் அடி இடைவெளி விட்டு நடுங்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை புதரைப் பிரித்து நட்டால் போதும். அகபாந்தஸுக்கு முன்வரிசையில் சிவப்பு சால்வியா, ஓரத்தில் ஜெரேனியம் வைக்கலாம். டேலியா அழகுதான், ஆனால் உங்களுக்குச் சரிவராது. குச்சி கட்ட வேண்டும், வாடிய பூவைக் கிள்ள வேண்டும், கிழங்கை முள்ளம்பன்றியிடமிருந்து காப்பாற்ற வேண்டும். எனக்கு ஒரே ராத்திரியில் ஒரு பாத்தி முழுக்கப் போயிருக்கிறது.

நர்சரியில் நீலமாக இருந்த ஹைட்ராஞ்சியா, குன்னூர் வீட்டுச் சுவரோரம் நட்டபிறகு ரோஸ் நிறத்தில் பூக்கிறது. செடியை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

இல்லை, அதே செடிதான், மண்தான் வேறு. அமில மண்ணில் அலுமினியம் வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்புச் சத்து கூடினால் அது கிடைக்காது, பூ ரோஸாகிவிடும். நீலகிரி மண் இயல்பிலேயே அமில மண். உங்கள் சுவரோரத்தில் வீடு கட்டும்போது விழுந்த சிமென்ட்டும் பூச்சும் கலந்திருக்கும். கிளறிப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகக் கட்டி கிடைக்கும். செடியை நாலடி தள்ளி, காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடத்தில் இலைமக்கு போட்டு நட்டுவிடுங்கள். நிறம் உடனே திரும்பாது, அடுத்த பூப்பு வரை பொறுங்கள். வெள்ளைப் பூ ரகத்துக்கு இந்த வித்தை பலிக்காது.

கவாத்து, அதாவது கிளை வெட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் தவறுவது அங்கேதான். உங்களிடம் உள்ள ஹைட்ராஞ்சியா ரகம் போன வருடம் வளர்ந்த தண்டில்தான் பூக்கும். பூ காய்ந்ததும் காம்பைத் தொட்டுக்கொண்டே கீழே வாருங்கள். எதிரெதிராக இரண்டு பருத்த மொட்டுகள் விரலில் தட்டுப்படும். அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். ‘சுத்தம் செய்கிறேன்’ என்று ஜனவரியில் தரையோடு மொட்டையடித்தால், அந்த வருடம் இலைதான்.

ஊட்டியில் உறைபனியில் ஜெரேனியம் எல்லாம் கருகிவிட்டது. பிடுங்கி எறியலாமா?

பொறுங்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கருகிய இலைகள் அசிங்கமாக இருந்தாலும் பனிக்காலம் முடியும்வரை விட்டுவையுங்கள், அடுத்த பனியை அவை கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். அடுத்த டிசம்பரில் தொட்டிகளைக் கூரை இறவாரத்துக்கு அடியில், சுவரை ஒட்டி நகர்த்துங்கள். மேகமில்லாத ராத்திரிதான் ஆபத்து. சாயங்காலமே சாக்கு போர்த்தி, வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும், அங்கே ஜெரேனியமே வேண்டாம்.

ஏற்காட்டில் காகிதப்பூ இலையாகவே தழைக்கிறது.

தண்ணீரும் சாணமும் அதிகம். இரண்டையும் குறையுங்கள், நாள் முழுக்க வெயில் படட்டும்.

வேலிக்கு உண்ணிச்செடி வைக்கலாமா? பல நிறத்தில் பூக்கிறது, கவனிப்பே தேவையில்லை என்கிறார்கள்.

தயவுசெய்து வைக்காதீர்கள். அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி அது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்ப, இன்று முதுமலைக் காட்டில் புல் முளைக்க வேண்டிய இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மானும் யானையும் மேயப் புல் இல்லை. கூடலூர் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டுகளை வெட்டி நிஜ யானை அளவில் சிற்பங்கள் செய்கிறார்கள். அந்தச் செடிக்கு நான் பார்த்த நல்ல பயன் அது ஒன்றுதான். வேலிக்கு நீலப் பிளம்பகோ வையுங்கள். வருடம் ஒருமுறை வெட்டிவிட்டால் போதும். கடும் பனி இறங்காத இடமாக மட்டும் பாருங்கள்.

இதையெல்லாம் எப்போது நடுவது?

ஜூன் தூறல் பிடித்ததும். மண் ஈரமாக இருக்கும், வெயில் மிதமாக இருக்கும், பனி வருவதற்குள் வேர் பிடிக்க ஆறு மாதம் கிடைக்கும்.