ராஸ்பெரி பையில் மெதுவான பிடபிள்யூஎம்: கேள்வி பதில்

காரைக்குடி: துடிப்பு மின்னோட்டத்தில் செம்பு முலாம் பூசுகிறோம். 10 மில்லி நொடி ஆன், 90 ஆஃப். ராஸ்பெரி பை 4 சிறு கணினி, பைத்தான் நிரல். ஆசிலாஸ்கோப்பில் ஆன் நேரம் 10-லேயே நிற்காமல் 12 வரை ஆடுகிறது, ஐயா.

பதில்: மென்பொருள் பிடபிள்யூஎம் (ஆன், ஆஃப் நேரத்தைக் கொண்டு மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது) அப்படித்தான் ஆடும். லினக்ஸ் வேறு வேலைக்குப் போய்த் திரும்பும்வரை பையின் வெளியீட்டுப் பின் (முள்) ஆனிலேயே நிற்கும். 10-இல் 2 கூடினால் அந்தத் துடிப்பில் 20 சதவீதம் அதிக மின்னூட்டம். முலாம் வேலைக்கு இது ஆகாது. ஜிபிஐஓ 18 என்ற பின்னில் வன்பொருள் பிடபிள்யூஎம் இருக்கிறது. கான்ஃபிக் கோப்பில் பிடபிள்யூஎம் ஓவர்லேயை (அதைத் திறந்துவிடும் அமைப்பு வரி) சேருங்கள், 3.5 மிமீ ஆடியோவும் பிடபிள்யூஎம்மைத்தான் பயன்படுத்துகிறது, இடைஞ்சல் வராமல் அதை அணைத்துவிடுங்கள். எண்கள் நானோ நொடியில்: பீரியட் (ஒரு முழுச் சுற்று) 10,00,00,000, டூட்டி (அதில் ஆன் நேரம்) 1,00,00,000. முதலில் பீரியட், பிறகு டூட்டி, கடைசியில் எனேபிள். பிறகு பீரியடைக் குறைப்பதானால் டூட்டியை முன்னதாகக் குறையுங்கள். டூட்டியைவிடச் சிறிய பீரியடை அது ஏற்காது.

தேவகோட்டை: அண்ணே, மழைக்காலத்தில் வற்றல் காயவைக்க 2000 வாட் ஹீட்டர் பெட்டி. எஸ்எஸ்ஆருக்கு (மின்னணு ரிலே) 100 ஹெர்ட்ஸ் கொடுக்கிறேன், டூட்டியை மாற்றினாலும் சூடு சொன்னபடி கேட்கவில்லை.

பதில்: உங்களுடையது ஸீரோ கிராஸிங் வகையாக இருக்கும். மின்னழுத்தம் பூஜ்ஜியத்தைக் கடக்கும்போதுதான் அது ஆன் ஆகும். ஆன் ஆகிவிட்டால் அந்த அரைச்சுற்று முடியும்வரை விடாது. 50 ஹெர்ட்ஸ் லைனில் அரைச்சுற்று 10 மில்லி நொடி, உங்கள் பீரியடும் 10. பாதி கொடுக்க வழியே இல்லை. பீரியடை 2 நொடியாக்கி, டூட்டியை 20 மில்லி நொடிப் படிகளாகக் கொடுங்கள். படிக்கு 1 சதவீதம், ஹீட்டருக்கு அது தாராளம். இங்கே மென்பொருளே போதும், 2 மில்லி நொடி ஆட்டம் ஒரு பொருட்டில்லை.

எஸ்எஸ்ஆரைப் பின்னில் நேராகத் தொங்கவிடாதீர்கள். 3.3 வோல்ட் அதற்கு விளிம்பு. பிசி547 டிரான்சிஸ்டர் போட்டு, பேஸுக்கு 1 கிலோ ஓம், எஸ்எஸ்ஆரின் பிளஸ்ஸுக்கு 5 வோல்ட், மைனஸ் கலெக்டருக்கு. ஜிபிஐஓ 0 முதல் 8 வரை வேண்டாம்: பை எழும்போது அவற்றில் உள் புல்-அப் (பின்னை 3.3 வோல்ட் பக்கம் இழுக்கும் மின்தடை) இருக்கும், அந்தச் சொற்ப மின்னோட்டமே பிசி547-ஐத் திறந்து ஹீட்டரை ஏற்றிவிடக்கூடும். 17 நல்லது. 8.7 ஆம்பியருக்கு எஸ்எஸ்ஆரில் சுமார் 10 வாட் சூடு, ஆகவே ஹீட் சிங்க் கட்டாயம். கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி ஆனிலேயே நின்றுவிடும். ஹீட்டரோடு தொடரில் சூடு மிஞ்சினால் துண்டிக்கும் ஒரு பைமெட்டல் கட்-ஆஃப் இல்லாமல் இரவில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

புதுவயல்: அதற்கு ரிலேயே போதாதா?

பதில்: லோடோடு ஒரு லட்சம் தடவை தாங்கும் ரிலே என்றால் 2 நொடிக் கணக்கில் 56 மணி நேரம் வரும். ரிலேதான் என்றால் பிடபிள்யூஎம்மை விட்டுவிட்டு, 60 டிகிரியில் அணை, 57-இல் ஏற்று என்று எழுதுங்கள்.

கானாடுகாத்தான்: முகப்பில் 12 வோல்ட் எல்இடி பட்டை, 50 ஹெர்ட்ஸில் மங்கவைத்தால் கண்ணைப் படுத்துகிறது.

பதில்: எல்இடிக்கு மெதுவான துடிப்பு வேண்டாம், 1000 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் (பட்டையை ஆன், ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) போட்டிருந்தால் மாற்றுங்கள். முழுதாகத் திறக்க அதன் கேட் 10 வோல்ட் கேட்கும், பையிடம் 3.3-தான் உண்டு.