இங்கோல்டு அளந்தவை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆன்டிஆக்ஸிடன்ட்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் கீத் இங்கோல்டு என்ற வேதியியலாளரின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். யாரென்று தேடிப் பார்த்தேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், லண்டன் ராயல் சொசைட்டியின் பதக்கங்கள் என்று நிறைய வருகிறது. ஆனால் இவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதற்குச் சுருக்கமான பதில் எங்கேயும் கிடைக்கவில்லை. வைட்டமின் இ எவ்வளவு சிறந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்று காட்டியவர் என்கிறார்கள். அதே வைட்டமின் இ மாத்திரைகள் பெரிய மருத்துவச் சோதனைகளில் தோற்றுப்போயின என்றும் படிக்கிறேன். அப்படியானால் இவருடைய ஆராய்ச்சி பிழையா? இந்த மாத்திரை மோகத்துக்கு இவரும் ஒரு காரணமா?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

ஆராய்ச்சியில் பிழை இல்லை. மோகத்துக்கு அதைக் காரணம் சொல்லவும் முடியாது. ஏன் என்று விளங்க அவர் செய்த வேலைக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

வைட்டமின் இ-யைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. 1922-இல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் இவான்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளை வைத்துக் கண்டறிந்தது அது. கொழுப்பு கெடுவதை அது தடுக்கும் என்பதும் 1930-களிலேயே தெரியும். ஃப்ரீ ரேடிக்கலும், அதாவது ஜோடி சேராத ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறும், இங்கோல்டின் கண்டுபிடிப்பு இல்லை. 1900-லேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் அதைக் காட்டிவிட்டார். இங்கோல்டு அளந்தார். எந்த ரேடிக்கல் எதனோடு எவ்வளவு வேகமாக வினைபுரிகிறது என்று அரை நூற்றாண்டுக்கு மேல் அளந்துகொண்டே இருந்தார். சுருக்கமான பதில் உங்களுக்குக் கிடைக்காமல் போனதில் வியப்பில்லை.

வாழ்க்கைக் குறிப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1929-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் பிறந்தவர். அப்பா கிறிஸ்டோபர் இங்கோல்டு. கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள் எஸ்.என்.1, எஸ்.என்.2 என்று மனப்பாடம் செய்திருப்பார்களே, அந்த வினைவழிகளை வகுத்தவர். அம்மா ஹில்டா அஷர்வுட்டும் வேதியியலாளர். மகன் லண்டனில் பட்டமும் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டமும் முடித்து 1951-இல் கனடாவுக்குப் போனார். 1955-லிருந்து ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் வேலை. 2023 செப்டம்பரில் இறந்தார். அப்பாவின் வேதியியலில் எலக்ட்ரான்கள் ஜோடியாக நகரும், மகனுடையதில் ஒற்றையாக. இதில் உளவியல் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

அவர் தொடங்கியது உடம்பிலோ வைட்டமினிலோ இல்லை, எண்ணெயில். பெட்ரோலியப் பொருட்களும் உயவு எண்ணெய்களும் காற்றுப்பட்டு ஏன் கெடுகின்றன, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் கேள்வி. ஒரு ஹைட்ரோகார்பன் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு பறிபோனால் கார்பன் ரேடிக்கல் மிஞ்சும். ஆக்ஸிஜன் கிடைத்ததும் அது பாய்ந்து ஒட்டிக்கொண்டு பெராக்சில் ரேடிக்கலாகிவிடும். இந்தப் பெராக்சில் கொஞ்சம் சாவகாசமான ஆசாமி. பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்க ஒப்பீட்டளவில் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும். பறித்துவிட்டால் அங்கே புதிய கார்பன் ரேடிக்கல் பிறந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தொடக்கத்தில் ஒரே ஒரு ரேடிக்கல் இருந்தாலும் சங்கிலிபோல வரிசையாகப் பல மூலக்கூறுகள் கெடும்.

ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கு இடம் கிடைப்பது அந்தச் சாவகாசத்தில்தான். பீனால் வகை மூலக்கூறு (பென்சீன் வளையத்தில் ஓர் ஆக்ஸிஜனும் அதில் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டியது) ஒன்று முந்திக்கொண்டு தன் ஹைட்ரஜனைப் பெராக்சிலுக்குக் கொடுத்துவிட்டால் சங்கிலி அறும். மிஞ்சும் பீனாக்சில் ரேடிக்கல் பொதுவாகச் சங்கிலியைத் தொடரும் அளவுக்குத் துடிப்பானது இல்லை. ஆக, ஒரு பொருள் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட்டா என்று கேட்டால் அது முந்துமா என்றுதான் கேட்கிறோம். அதற்கு வேகங்கள் தெரிந்திருக்க வேண்டும். 1960-களில் இங்கோல்டும் அவருடைய கவுன்சில் சகாவான ஹோவர்டும் இந்தத் தொடர்வினையின் ஒவ்வொரு படிக்கும் வேக மாறிலியை, அதாவது அது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லும் எண்ணை, தனித்தனியாக அளந்தார்கள். படிக்க ஆளைத் தூங்கவைக்கும் அட்டவணைகள். பிறகு வந்தவை எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

அந்த முறையோடு அவர் வைட்டமின் இ-க்கு வந்தார். 1981-இல் தொடங்கி கிரஹாம் பர்ட்டனோடு சேர்ந்து வெளியிட்ட அளவீடுகளின்படி, பெராக்சில் ரேடிக்கலோடு ஆல்ஃபா டோகோஃபெரால் (வைட்டமின் இ-யின் முக்கிய வடிவம்) வினைபுரியும் வேக மாறிலி 30 டிகிரி செல்சியஸில் சுமார் 32 லட்சம். உணவுப் பொருட்களிலும் எண்ணெய்களிலும் சேர்க்கப்படும் செயற்கையான பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுயினுக்கு அது சுமார் 14 ஆயிரம். இருநூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். எனக்கு அந்த எண்ணைவிட அதற்கு அவர்கள் சொன்ன காரணம் பிடிக்கும். வைட்டமின் இ மூலக்கூறில் பென்சீன் வளையத்தோடு இன்னொரு வளையம் இணைந்திருக்கிறது, அதில் ஓர் ஆக்ஸிஜன். இரண்டாவது வளையம் அந்த ஆக்ஸிஜனை அசையவிடாமல் பிடித்து, அதன் எலக்ட்ரான் ஜோடி பென்சீன் வளையத்தின் எலக்ட்ரான் மண்டலத்தோடு நன்றாகப் படியும் கோணத்தில் வைக்கிறது. அதனால் ஹைட்ரஜனைக் கொடுத்தபின் மிஞ்சும் ரேடிக்கல் கூடுதல் நிலைத்தன்மை பெறுகிறது, கொடுப்பதும் எளிதாகிறது. 1982, 1983-இல் இவர்கள் குழு மனித ரத்தப் பிளாஸ்மாவைச் சோதித்து, கொழுப்பில் கரையக்கூடிய, சங்கிலியை அறுக்கும் வகை ஆன்டிஆக்ஸிடன்ட்களில் அங்கே முதன்மையானது வைட்டமின் இ என்று காட்டியது.

மாத்திரை விற்பவர்கள் இதுவரை படித்துவிட்டு எழுந்துபோய்விட்டார்கள். உங்கள் கேள்விக்கு உதவுவது இதற்கு அப்புறம் வந்தவைதான்.

1984-இல் அதே இருவர், இங்கோல்டும் பர்ட்டனும், கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினைப் பற்றி எழுதினார்கள். ஆக்ஸிஜன் அழுத்தம் குறைவாக இருக்கும்போது அது ரேடிக்கல்களை நன்றாகப் பிடிக்கிறது. அழுத்தம் கூடினால் அந்தத் திறன் குறைகிறது. செறிவும் அதிகமானால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டவே செய்கிறது. பத்து ஆண்டு கழித்து, 1994-இல், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். வைட்டமின் இ அந்த நோயைக் குறைக்கவில்லை. ஒட்டாவாவின் குடுவையில் நடந்ததுதான் அந்த நுரையீரல்களிலும் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பாய்ச்சலை யாரும் சுலபமாகச் செய்துவிடக்கூடாது. ஒரே பொருள் சூழல் மாறினால் எதிர்வேலை செய்யலாம் என்ற எச்சரிக்கை சோதனை முடிவுக்கு முன்பே அச்சில் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

1992-இல் வின்சென்ட் பௌரி, ரோலண்ட் ஸ்டாக்கர் ஆகியோரோடு செய்த வேலை இன்னும் சங்கடமானது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்துசெல்லும் எல்.டி.எல். துகள்களுக்குள் இருக்கும் வைட்டமின் இ, சில நிலைமைகளில் கொழுப்பின் ஆக்ஸிஜனேற்றத்தைத் தானே முன்னின்று நடத்துகிறது என்று அவர்கள் காட்டினார்கள். துகள் மிகச் சிறியது. ஹைட்ரஜனைக் கொடுத்த டோகோஃபெரால் தானும் ஒரு ரேடிக்கல்தான். அதை அணைக்க இன்னொரு ரேடிக்கலோ, வைட்டமின் சி போன்ற துணையோ கிடைக்காவிட்டால், மெதுவாகப் பக்கத்துக் கொழுப்பின் ஹைட்ரஜனைப் பறிக்கத் தொடங்கும். வைட்டமின் இ-யின் புகழுக்கு எண்களைக் கொடுத்தவரே அதன் கீர்த்திக்குக் குறுக்கே வரும் முடிவையும் பெயர் போட்டு வெளியிட்டார். இதனால்தான் அவரைக் காரணம் சொல்ல முடியாது என்கிறேன்.

அப்புறம் 2000-இல் ஹோப் சோதனை: இதயநோய் ஆபத்துள்ளவர்களுக்கு வைட்டமின் இ பலன் தரவில்லை. 2011-இல் செலெக்ட் சோதனை: வைட்டமின் இ மட்டும் எடுத்துக்கொண்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். இவை இங்கோல்டின் வேக மாறிலியைப் பொய்யாக்கவில்லை. குடுவையில் முந்துகிற மூலக்கூறு, ஏற்கெனவே போதுமான அளவு அது இருக்கும் உடம்பில் இன்னும் கொட்டினால் நோயைத் தடுக்கும் என்பது வேறொரு கருதுகோள். தோற்றது அது. குடுவைக்குள்ளேயேகூடக் கரைப்பானை மாற்றினால் பீனால் ஹைட்ரஜனைத் தரும் வேகம் பல மடங்கு மாறும் என்பதையும் இங்கோல்டின் குழுவே விரிவாக அளந்திருக்கிறது.

வைட்டமின் கதையோடு நிறுத்திவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். வேதியியலாளர்களிடம் கேட்டால் பலர் முதலில் சொல்வது ரேடிக்கல் கடிகாரம். ஒரு ரேடிக்கல் வினை நொடியில் லட்சக்கணக்கில் நடக்கும்போது அதை எப்படி அளப்பது? ஓட்ட வேகம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் ஓடவிட்டு, யார் எவ்வளவு முந்தினார்கள் என்று பார்ப்பதுபோல ஒரு வழி. 5-ஹெக்செனைல் என்ற ரேடிக்கல் அறை வெப்பநிலையில் நொடிக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலான வேகத்தில் தானாகவே வளையமாக மூடிக்கொள்ளும். அந்த எண் தெரிந்தால் போதும். மூடிக்கொள்வதற்குள் வேறு எதோடாவது வினைபுரிந்ததா, இரண்டு விளைபொருட்களும் என்ன விகிதத்தில் வந்தன என்று பார்த்து, தெரியாத வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1980-இல் டேவிட் கிரில்லரும் இங்கோல்டும் இப்படிப்பட்ட கடிகாரங்களை ஒரே கட்டுரையில் தொகுத்தார்கள். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் பி450 நொதிகளுக்குள் ரேடிக்கல் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்ற நீண்ட சண்டையில்கூட இரு தரப்பும் இதே மாதிரிக் கடிகாரங்களைத்தான் எடுத்துவந்தன.

மறு ஆண்டே சாட்கிலியாலோக்லு, ஸ்கையானோ ஆகியோரோடு சேர்ந்து, ட்ரைபியூட்டைல் டின் ஹைட்ரைடு என்ற வெள்ளீயச் சேர்மம் கார்பன் ரேடிக்கலுக்கு ஹைட்ரஜன் தரும் வேகத்தை அளந்தார். சாதாரணமான அளவீடுபோலத் தெரியும். ஆனால் 1980-களில் ரேடிக்கல் வழியாகச் சிக்கலான மூலக்கூறுகளைக் கட்டத் தொடங்கியவர்களுக்கு, எந்த வினை எதை முந்தும் என்று முன்கூட்டியே தாளில் கணக்குப் போட இந்த எண்தான் கைகொடுத்தது. அதுவரை ரேடிக்கல் வினை என்றாலே பிசுபிசுப்பாக ஏதோ மிஞ்சும் என்று பயந்து ஒதுங்கியவர்கள் அதிகம்.

நோபல் ஏன் வரவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் சுட்டமுடியாத வாழ்க்கைக்கு அந்தப் பரிசு அரிதாகத்தான் போகிறது. அவருக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. 2000-இல் ராயல் பதக்கம் கிடைத்தது.

இப்போது இந்தத் துறை எங்கே நிற்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் ஃபெரோப்டோசிஸ் என்று ஒரு வகை செல் மரணத்துக்குப் பெயர் வைத்தார்கள். செல் சவ்வின் கொழுப்பு, மேலே சொன்ன அதே தொடர்வினையால் கெட்டு, செல் சாகிறது. அதைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின், லிப்ராக்ஸ்டாட்டின் என்ற மூலக்கூறுகள் எப்படி வேலை செய்கின்றன என்று முதலில் தெளிவில்லை. 2017-இல் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் டெரெக் பிராட்டின் குழு அவற்றை அளந்து பார்த்தது. பெராக்சில் ரேடிக்கலைப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை என்றும், கொழுப்புச் சவ்வுக்குள் அவை வைட்டமின் இ-யையே முந்துகின்றன என்றும் தெரியவந்தது.