ஜிபிஏ கணக்கு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, நாலு பாடத்தில் 8, 9, 7, 10 என்று கிரேடு புள்ளி வந்திருக்கிறது. கூட்டி நாலால் வகுத்தால் 8.5. மார்க்‌ஷீட்டில் ஜிபிஏ, அதாவது செமஸ்டரின் சராசரிப் புள்ளி, 8.33 என்று இருக்கிறதே, தப்பாகப் போட்டுவிட்டார்களா?

பதில்: தப்பில்லை தம்பி, நீங்கள் கிரெடிட்டை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரி தருகிற எடையை, விட்டுவிட்டீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியல்படி 8 வாங்கிய பாடத்துக்கு 4 கிரெடிட். 9க்கும் 7க்கும் தலா 3. 10 வாங்கிய ஆய்வகத்துக்கு 2. புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கினால் 32, 27, 21, 20. கூட்டினால் 100. மொத்தக் கிரெடிட் 12. நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், அந்த 8.33 வந்துவிடும். 2 கிரெடிட் ஆய்வகத்தை 4 கிரெடிட் பாடத்துக்குச் சமமாக வைத்ததால்தான் உங்கள் கணக்கு ஏறிப்போனது.

எல்லோருக்குமே சொல்கிறேன். ஒரு நோட்டில் செமஸ்டருக்கு ஒரு வரி எழுதி வையுங்கள்: மொத்தக் கிரெடிட், மொத்தப் புள்ளி. சராசரியை மட்டும் குறித்து வைத்தால் பின்னால் திண்டாட வேண்டியிருக்கும்.

கேள்வி: முதல் செமஸ்டர் 7.5, இரண்டாவது 8.5. எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரியான சிஜிபிஏ 8 தானே?

பதில்: இரண்டிலும் கிரெடிட் ஒன்றாக இருந்தால் மட்டும். முதலில் 20, அடுத்து 26 என்றால் புள்ளிகள் 150, 221. மொத்தம் 371, அதை 46ஆல் வகுத்தால் 8.07.

கேள்வி: ஒரு பாடம் அரியர் ஆகிவிட்டது. ஜிபிஏ எவ்வளவு விழும்?

பதில்: முதல் கேள்வியில் வந்த 4 கிரெடிட் பாடமே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். புள்ளி 68 ஆகிறது. தோற்ற பாடத்தின் கிரெடிட்டையும் வகுக்கும் எண்ணில் சேர்க்கிற கல்லூரியில் 68ஐ 12ஆல் வகுப்பார்கள்: 5.67. தேறும்வரை அதை ஒதுக்கி வைக்கிற கல்லூரியில் 8ஆல்: 8.5. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! அதனால் உங்கள் கல்லூரி விதிமுறையைப் படித்துவிட்டு மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

கேள்வி: பாதிப் படிப்பு முடிந்துவிட்டது, 6.8ல் நிற்கிறேன். 7.5 தொட முடியுமா அக்கா?

பதில்: முடியும். மொத்தம் 160 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். 7.5 வர 1200 புள்ளி வேண்டும். 80 கிரெடிட்டில் 6.8 என்றால் 544 சேர்ந்திருக்கிறது. பாக்கி 656, அதை மீதி 80 கிரெடிட்டில் எடுக்க சராசரி 8.2 வேண்டும். கடினம்தான், ஆனால் எட்டாத எண் இல்லை. இதே 6.8ஓடு 120 கிரெடிட்டைத் தாண்டிவிட்டால், கடைசி 40ல் 9.6 கேட்கும். அதனால் வருகிற செமஸ்டரிலேயே, கிரெடிட் அதிகமுள்ள பாடங்களில் முதலில் கை வையுங்கள். 4 கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு ஏறினால் 4 புள்ளி; 1 கிரெடிட்டில் ஏறினால் ஒன்றுதான்.

கேள்வி: சிஜிபிஏ 8 என்றால் எத்தனை சதவீதம்?

பதில்: பொதுவான சூத்திரம் கிடையாது. 10ஆல் பெருக்கினால் 80. 9.5ஆல் பெருக்குகிற இடத்தில் 76. 0.75ஐக் கழித்துவிட்டு 10ஆல் பெருக்கினால் 72.5. மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தில் உங்கள் கல்லூரி எதைச் சொல்கிறதோ அதையே விண்ணப்பத்தில் போடுங்கள்.

கேள்வி: நாலு புள்ளி அளவுகோலுக்கு மாற்ற 0.4ஆல் பெருக்கலாமா?

பதில்: வேண்டாம். கேட்பவர்கள் மாற்றச் சொல்லாதவரை, "10க்கு 8.07" என்று உள்ளபடியே எழுதுங்கள். மாற்றித் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் பாடம் பாடமாகப் பார்த்துத்தான் மாற்றுகின்றன. ஒரே பெருக்கலில் வருகிற எண் அதோடு ஒத்துப்போகாது.