முதலில் ஓம் எவ்வளவு என்று எழுதுங்கள்: வால்வு ஹெட்போன் ஆம்ப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வால்வு ஹெட்போன் ஆம்ப், அதாவது கண்ணாடிக் குழாய் வால்வு வைத்து ஹெட்போனுக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி பற்றித்தான். சந்தோஷம். ஆனால் பலவற்றில் ஹெட்போனின் பெயரே இல்லை. பெயர் இருந்தால் ஓம், அதாவது ஹெட்போனின் மின்தடை அளவு, இல்லை. போன முறையும் கேட்டுக்கொண்டேன், இப்போதும் கேட்கிறேன்: ஹெட்போன் எது, அது எத்தனை ஓம், கையில் எவ்வளவு பணம், பாட்டு எதிலிருந்து வருகிறது. இந்த நான்கும் தெரியாமல் நான் சொல்வது வெறும் ஊகம். உங்கள் காசை என் ஊகத்தை நம்பிச் செலவழிக்காதீர்கள்.

பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல வால்வு ஆம்ப் எது? (ஈரோடு)

எந்த ஹெட்போனுக்கு? 300 ஓம் என்றால் ஒரு பதில், 32 ஓம் என்றால் வேறு பதில், காதுக்குள் செருகும் இயர்போன் என்றால் வாங்க வேண்டாம் என்பதே பதில். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

சென்ஹைசர் எச்டி 650 வைத்திருக்கிறேன். டார்க்வாய்ஸ் 336எஸ்இ மாதிரியான ஓடிஎல் வகை வால்வு ஆம்ப் வாங்கலாமா, வால்வும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த ஹைபிரிட் போதுமா? வீட்டில் 32 ஓம் ஹெட்போன் ஒன்றும் இருக்கிறது. (கோவை)

இப்படித்தான் கேட்க வேண்டும். எச்டி 650 என்பது 300 ஓம், ஓடிஎல்லுக்கென்றே செய்தது போலப் பொருந்தும். தாராளமாக வாங்குங்கள். 32 ஓமை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.

காரணம் எளிது. ஓடிஎல்லில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 6ஏஎஸ்7 போன்ற பெரிய வால்விலிருந்து ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேரே ஹெட்போனுக்கு வருகிறது. அந்தக் கெப்பாசிட்டர் 100 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 300 ஓம் ஹெட்போனில் பேஸ் 5 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்தான் விழத் தொடங்கும், அது காதுக்கே எட்டாத இடம். 32 ஓமில் அதே விழுதல் 50 ஹெர்ட்ஸுக்கு ஏறி வந்துவிடும். பேஸ் கிட்டாரின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். அது மெலிந்து போகும். வால்வால் தள்ள முடிகிற கரண்டும் குறைவு என்பதால் கொஞ்சம் சத்தம் வைத்தாலே பிசிறடிக்கும். "வால்வு ஆம்பில் பேஸே இல்லை" என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் குறைந்த ஓம் ஹெட்போனை ஓடிஎல்லில் மாட்டியவர்கள்தான்.

32 ஓமுக்கு ஹைபிரிட் எடுங்கள், அல்லது சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பே போதும். இரண்டுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்றால் ஹைபிரிட். ஆனால் எச்டி 650-ல் ஓடிஎல் தரும் அந்த நிறைவு ஹைபிரிட்டில் முழுதாக வராது.

ஒன்று மறக்க வேண்டாம். ஓடிஎல்லை ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்துத்தான் ஹெட்போனைச் செருக வேண்டும். சூடேறும்போது அந்தக் கெப்பாசிட்டர் வழியாக வரும் 'டொம்' ஹெட்போனுக்கு நல்லதல்ல.

கல்லூரி மாணவன். 250 ஓம் பேயர்டைனமிக் டிடி 990, சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் இருக்கிறது. கையில் ஆயிரம் ரூபாய்தான். வால்வு மாதிரி கேட்க வழி உண்டா? (திருநெல்வேலி)

ஓரளவுக்கு உண்டு, பெரிய செலவும் ஆகாது. 'வால்வின் இதம்' என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு வால்வால் வருவதே இல்லை, ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸால், அதாவது ஆம்ப் வெளியே தரும் இடத்தில் அதற்கே உள்ள மின்தடையால் வருகிறது. டைனமிக் ஹெட்போன்களின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருக்காது. எச்டி 650-ஐ எடுத்துக்கொண்டால், பெயருக்கு 300 ஓம், 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறக்குறைய 500. ஆம்பின் இம்பீடன்ஸ் 100 ஓம் என்றால் அந்த இடத்தில் மட்டும் ஒரு டெசிபெல் அளவுக்குச் சத்தம் கூடும். பேஸ் கொஞ்சம் பருத்துக் கேட்கும்.

உங்கள் ஆம்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவே, இடது வலது ஒவ்வொன்றிலும் 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு ஒரு சின்ன ஒயர் செய்துகொள்ளுங்கள். பொதுவான கிரவுண்டில் போடக் கூடாது. சத்தம் சற்றுக் குறையும், வால்யூமை ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் டிடி 990-ல் ஏற்றம் இன்னும் குறைவாகத்தான் தெரியும், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். பிடித்தால் பணம் சேர்ந்தபின் ஓடிஎல் வாங்கலாம். பிடிக்கவில்லை என்றால் பெரிய செலவு மிச்சம். தட்டைச் சவ்வு கொண்ட பிளேனார் ஹெட்போனில் ஓம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இதற்குப் பலன் இல்லை. இரண்டு மூன்று டிரைவர் உள்ள இயர்போனில் செய்யவே கூடாது, தொனியே மாறிப்போகும்.

12ஏயு7 வால்வு இடத்தில் 12ஏஎக்ஸ்7 வால்வு போடலாமா? பின் ஒன்றுதானே? (சேலம்)

பின் ஒன்றுதான். போடக் கூடாது. முதலாவது சத்தத்தை 20 மடங்கு பெருக்கும், இரண்டாவது 100 மடங்கு. இரண்டாவது எடுக்கிற கரண்டோ முதலாவதில் பத்தில் ஒரு பங்கு. சர்க்யூட் எந்த வால்வுக்காகச் செய்யப்பட்டதோ அதையே போடுங்கள்.

6டிஜே8 வால்வுக்குப் பதில் ரஷ்ய 6என்1பி விலை குறைவாகக் கிடைக்கிறது. போடலாமா? (தஞ்சாவூர்)

வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழை எடுக்கும் கரண்டைப் பாருங்கள். முதலாவது 0.365 ஆம்பியர், இரண்டாவது 0.6. இரண்டு வால்வு என்றால் டிரான்ஸ்ஃபார்மர் மீது அரை ஆம்பியர் கூடுதல் சுமை. தாங்கும் என்று ஆம்ப் செய்தவரே எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம்.

வால்வு மாற்றினால் சத்தம் மேம்படும் என்கிறார்கள். 1960களின் ஐரோப்பிய 12ஏயு7 ஜோடி, புதுச்சரக்கு (பயன்படுத்தாமலே கிடந்தது), டெஸ்ட் செய்தது என்று ஒருவர் எட்டாயிரம் சொல்கிறார். என் ஆம்பே ஒன்பதாயிரம்தான். வாங்கட்டுமா? (சென்னை)

வேண்டாம். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

ஏழெட்டு வருடத்துக்கு முன் நானே ஆறாயிரம் கொடுத்து இப்படி ஒரு ஜோடி வாங்கினேன். பழைய மஞ்சள் அட்டைப்பெட்டி, பெயர்போன கம்பெனியின் வெள்ளை எழுத்து, கூடவே கையால் எழுதிய டெஸ்ட் சீட்டு. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒன்றின் உள்ளே பிளேட் வரிவரியாக மடித்த தகடு, மற்றதில் வழுவழுப்பான தகடு. மேலே கெட்டர் (கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு தரும் பொருள்) தாங்கும் வளையம் ஒன்றில் வட்டம், மற்றதில் சதுரம். ஒரே பெயர் அச்சிட்டிருந்தும் இரண்டும் வேறு வேறு தொழிற்சாலையில் பிறந்தவை. ஆம்பில் போட்டால் இடது பக்கம் சத்தம் தூக்கலாகவும் வலது பக்கம் அமுங்கியும் வந்தது. விற்றவர் பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை.

அப்போது கற்றதைச் சொல்கிறேன். கண்ணாடி மேலுள்ள எழுத்தை நம்பாதீர்கள். அசல் பழைய வால்விலும் அந்த அச்சு விரல் பட்டாலே வந்துவிடும், அதனால் அழிந்தால் போலி, அழியாவிட்டால் அசல் என்ற கணக்கு செல்லாது. பிலிப்ஸ் குடும்பத்துத் தொழிற்சாலைகள் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு குறியீடு பொறித்தன. இரண்டாவது வரியின் முதல் எழுத்து தொழிற்சாலையைச் சொல்லும். அந்தக் குடும்பத்து இங்கிலாந்துக் கம்பெனி முல்லார்டின் பிளாக்பர்ன் தொழிற்சாலை என்றால் அது 'பி'. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். விற்பவரிடம் அந்த இடத்தின் படம் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சையும் பாருங்கள். அதுதான் கெட்டர். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும். பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு இறந்துவிட்டது. ஓரம் பழுப்பேறித் தேய்ந்திருந்தால் நிறைய ஓடியது என்று சந்தேகப்படுங்கள். 'புதுச்சரக்கு' என்று சொல்லி விற்பதில் எத்தனையோ இப்படித்தான். 'டெஸ்ட் செய்தது' என்பதற்கும், எந்தக் கருவியில், எத்தனை அளவு, வால்வுக்குள் உள்ள இரண்டு பாதிக்கும் தனித்தனியாக என்ன என்று சொல்லாதவரை அர்த்தமில்லை.

இன்றும் புதிதாக வால்வு செய்கிறார்கள். ஸ்லோவாகியாவில் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவில் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ். பழைய அரிய ஜோடிக்குக் கேட்கும் விலையைவிட இவை மலிவு. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அந்தக் காலத்தில் செய்த வால்வுகள் பழைய ரேடியோ மெக்கானிக் கடைகளில் கண்ணில் பட்டால், நியாயமான விலையாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

வால்வு மாற்றினால் வித்தியாசம் கேட்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பதாயிரம் ரூபாய் ஆம்பில் எட்டாயிரம் ரூபாய் வால்வு போடுவதைவிட அந்த எட்டாயிரத்தை ஹெட்போனில் போட்டால் பத்து மடங்கு வித்தியாசம் கேட்கும். அதனால்தான் ஓம் எழுதுங்கள், ஹெட்போன் பெயர் எழுதுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

வலது காதில் மட்டும் 'ஹம்' (விடாத ரீங்காரம்) வருகிறது. (புதுச்சேரி)

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வால்வு என்றால் இடம் மாற்றிப் போடுங்கள். ஹம்மும் இடம் மாறினால் குற்றம் வால்வில்தான். மாறாவிட்டால் உள்ளே பார்க்க வேண்டும். மாற்றும் முன் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வால்வு ஆறட்டும்.

இரண்டு காதிலும் ஹம். லேப்டாப்பிலிருந்து கேட்கிறேன். பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார். (சென்னை)

வெட்டாதீர்கள். உள்ளே 150, 200 வோல்ட் ஓடுகிறது, வெளியே இரும்புப் பெட்டி. எர்த் இல்லாமல் ஒரு ஒயர் கழன்று பெட்டியில் பட்டால் அடுத்துத் தொடுவது உங்கள் கை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் போய்விட்டால் எர்த் இரண்டு வழியில் சுற்றுகிறது என்று அர்த்தம். லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள், பெரும்பாலும் அதிலேயே தீரும். தீராவிட்டால் நடுவே ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். வைஃபை ரூட்டரையும் மொபைலையும் ஆம்ப் பக்கத்திலிருந்து நகர்த்தி வையுங்கள்.

வால்வு ஆரஞ்சு நிறத்தில் அழகாக ஒளிர்கிறது. ஆயிரத்தைந்நூறு ரூபாய்தான். நல்லதா? (திருச்சி)

அடியில் எல்இடி இருக்கும். வால்வின் உண்மையான ஒளி நடுவில் இழை மட்டும் மங்கலாகச் சிவப்பது. 6ஜே1 வால்வு போட்ட இந்த வகை மலிவுப் பெட்டிகளில் பல வால்வுக்கு வெகு குறைந்த வோல்டேஜே கொடுக்கின்றன. ஹெட்போனை ஓட்டுவது பின்னால் இருக்கும் ஐசி. கேட்கக் கூடாதது என்றில்லை, ஆனால் வால்வு ஆம்ப் வாங்கிவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

ஆம்பை 24 மணி நேரமும் ஆனில் வைக்கலாமா? (நாகர்கோவில்)

கூடாது. எத்தனை மணி நேரம் எரிகிறதோ அத்தனைக்கு வால்வின் ஆயுள் குறையும். கேட்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போட்டால் போதும்.

வீடியோ பார்த்து என் ஓடிஎல்லில் கெப்பாசிட்டர் மாற்றலாம் என்றிருக்கிறேன். சால்டரிங் இப்போதுதான் பழகுகிறேன். (வேலூர்)

பழகி முடித்தபின் செய்யுங்கள். பலன் உண்டு. சப்ளையில் உள்ள பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மாற்றினால் ஹம் குறையும், வால்வுக்கு நடுவே வரும் கப்ளிங் கெப்பாசிட்டரை நல்ல ஃபிலிம் வகையாக மாற்றினால் சிலருக்குத் தெளிவு கூடுகிறது. விலை உயர்ந்த எண்ணெய் நிரப்பிய வகை வேண்டாம், சாதாரண பாலிப்ரொப்பிலீன் போதும். வோல்டேஜ் பழையதைவிடக் குறையக் கூடாது.

ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் ஷாக் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் பிடித்து, கால்களுக்குக் குறுக்கே பதினைந்து விநாடி வையுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள். ஐந்து வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் கை. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள், செய்யாதீர்கள். மல்டிமீட்டர் இல்லையா? முதலில் அதை வாங்குங்கள், கெப்பாசிட்டர் பிறகு.

12 வோல்ட் ஹைபிரிட் ஆம்புக்கு வீட்டில் கிடந்த 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரைப் போட்டேன். கருகின வாசனை. என்ன செய்யலாம்? (மதுரை)

மறுபடி ஆன் செய்யாதீர்கள். மெக்கானிக்கிடம் கொண்டுபோய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அடாப்டரின் மேல் வோல்ட், ஆம்பியர், எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்ற மூன்றும் எழுதியிருக்கும். செருகும் முன் படிக்க அரை நிமிடம் ஆகாது.

தாத்தாவின் பழைய வால்வு ரேடியோ இருக்கிறது. யுஎல்84, யுஒய்85 என்று எழுதியிருக்கிறது. இந்த வால்வுகளை வைத்து ஹெட்போன் ஆம்ப் செய்ய முடியுமா? (காரைக்குடி)

வேண்டாம். பெயரின் முதல் எழுத்து 'யு' என்றால் ஹீட்டர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில், 100 மில்லிஆம்பியரில் ஓடும் வகை. 'ஈ' என்றால்தான் 6.3 வோல்ட். 'யு' வகை செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சேசிஸ் எனும் உள் இரும்புத் தகடே நேராக மெயினில் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் முழு 230 வோல்ட்டும் அந்தத் தகட்டில் நிற்கும். பின்மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆன் செய்யாதீர்கள், குமிழ் கழன்ற இரும்புக் கம்பியைத் தொடாதீர்கள், அதில் ஹெட்போன் ஜாக் வைக்கவே கூடாது.

ரேடியோவைப் பாட வைக்க ஆசை என்றால் வால்வு செட் பார்த்துப் பழகிய பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருப்பார், தேடுங்கள். பல வருடம் ஓடாத செட்டை நேராக மெயினில் செருகக் கூடாது. 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உடனே அணைத்துவிட்டு முதலில் கெப்பாசிட்டர்களைப் பார்க்க வேண்டும்.