லண்டன்ல இருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்? ஃப்ளைட்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டுல பார்த்தா சுமார் 344 கிலோமீட்டர்தான். ரோட்டுல போனா கடலைத் தாண்டுறதையும் சேர்த்து 460 பக்கம் வரும். ஃப்ளைட் டிக்கெட்ல ஒன்னே கால் மணி நேரம், சொச்சம்னு போட்டிருப்பாங்க, அதுல பறக்கிறது முக்கால் மணி நேரம்தான் இருக்கும், மிச்சம் ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறதும் எறங்கினப்புறம் கேட்டுக்கு வர்றதும்.

ஆனா தயவுசெஞ்சு அந்த நேரத்தை வச்சு ப்ளான் போடாதீங்க. நான் பாண்டிச்சேரி, எங்க ஊர்ல நெறைய குடும்பத்துக்கு பிரான்ஸ்ல சொந்தக்காரங்க உண்டு, எங்க சித்தியும் பாரிஸ்ல லா ஷாப்பெல் பக்கம்தான் இருக்காங்க. அம்மா லண்டன் வந்திருந்தப்ப ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போனேன். லண்டன்ல எங்க வீடு இருக்கிற ஈஸ்ட் ஹாம்ல காலைல 5 மணிக்குக் கிளம்பி, ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்கு ட்யூப் (லண்டன் மெட்ரோ ரயில்), செக்யூரிட்டி, 9 மணி ஃப்ளைட், அங்க எறங்கி இமிக்ரேஷன் க்யூ, பெட்டிக்கு வெயிட்டிங், ஏர்போர்ட் ஊருக்கு வெளில 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதால மறுபடி ரயில்னு கார் து நோர் ஸ்டேஷன் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆச்சு, முட்டி வலியோட அம்மா அந்த க்யூல நின்னதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

திரும்பி வர்றப்ப யூரோஸ்டார் ரயில் புக் பண்ணேன். அதே கார் து நோர், சித்தி வீட்ல இருந்து நடந்தே போயிடலாம். பிரான்ஸ், பிரிட்டன் ரெண்டு நாட்டு பாஸ்போர்ட் செக்கிங்கும் ஏறுறதுக்கு முன்னாடியே அங்கயே முடிஞ்சிடும், அதனால ஒரு மணி நேரத்துக்கு மேலயே முன்னாடி போயிடுங்க. அப்புறம் ரெண்டே கால், ரெண்டரை மணி நேரத்துல லண்டன் செயின்ட் பான்க்ராஸ். கடலுக்கு அடியில போற டனல் மொத்தம் 50 கிலோமீட்டர், 1994ல திறந்தது, இருபது நிமிஷத்துல தாண்டிடுது. கடல் எப்பப்பா வரும்னு அம்மா ஜன்னலையே பார்த்துட்டிருந்தாங்க, தாண்டிட்டோம்மான்னு சொன்னா நம்பவே இல்ல. எறங்கினா நேரா வெளில வந்துடலாம், அங்கிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு ஒரே ட்யூப். வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டா நாலரை மணி நேரம்.

ஹவுன்ஸ்லோ, சவுத்ஆல்னு ஹீத்ரோ பக்கமே வீடு இருந்தா, இல்ல பாரிஸ் ஏர்போர்ட்ல இருந்து வேற ஃப்ளைட் பிடிக்கணும்னா ஃப்ளைட் சரி. ரயில் டிக்கெட் கடைசி நேரத்துல ரொம்ப ஏறிடும், முன்னாடியே போட்டுடுங்க. இந்தியன் பாஸ்போர்ட்ல விசிட் வர்றவங்களுக்கு பிரிட்டன் விசா அங்க செல்லாது, ஷெங்கன் விசா (பிரான்ஸ் மாதிரி பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) தனியா எடுக்கணும்.

அப்புறம், பாரிஸ் டைம் ஒரு மணி நேரம் முன்னாடி. டிக்கெட்ல அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். அதனால போறப்ப ஒரு மணி நேரம் கூடத் தெரியும், வர்றப்ப ஃப்ளைட்ல பத்து மணிக்கு ஏறி பத்தேகாலுக்கு எறங்குற மாதிரி தெரியும். நான் இது புரியாம சித்திகிட்ட லண்டன் கணக்குல 12 மணின்னு சொல்லிட்டேன், பாவம் ஒரு மணி நேரம் முன்னாடியே ஸ்டேஷனுக்கு வந்து ஜனவரி குளிர்ல நின்னாங்க.