வரலாற்று நோட்டுப் புத்தகம்: திருத்துவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 24 ஆண்டுகளாக இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். நோட்டுப் புத்தகம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

டீச்சர், எனக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 35 பேர். திருத்தி மாளவில்லை. (புதிய ஆசிரியர்)

மொத்தம் 175 புத்தகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், தம்பி. வகுப்புக்கு ஒரு நிற அட்டை, நாளுக்கு ஒரு நிறம். திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்தபடியே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். பக்கம் தேடுவதில்தான் நேரம் போகிறது.

புத்தகத்தை எப்படிப் பிரிக்கச் சொல்வீர்கள்?

முதல் இரண்டு பக்கம் பொருளடக்கம். அப்புறம் வலப்பக்கத்தில் மலாய்ப் பாடக்குறிப்பு. இடப்பக்கம் முழுக்க மாணவருடையது: காலக்கோடு, வரைபடம், மனத்தில் எழுந்த கேள்வி. அதைத் தமிழில் எழுதினாலும் சரி. கடைசிப் பக்கங்களில் சொற்பட்டியல். டாருராட் என்றால் அவசரகாலம், பெர்ஜாஞ்சியான் என்றால் ஒப்பந்தம் என்று தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை எழுதி வைத்தால் பயம் பாதி குறையும்.

அழகாக எழுதுபவருக்குத்தானே அதிக மதிப்பெண்?

நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். ஒரு மாணவியின் புத்தகம் என்னை மாற்றியது. வலப்பக்கத்தில் 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட் தோட்டங்கள், மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டது, அவசரகாலம் என்று எல்லாரையும் போல எழுதியிருந்தாள். இடப்பக்கத்தில் கோணல்மாணலாக நான்கு வரி: கொள்ளுப்பாட்டி ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும்போது வேலிவாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்களாம், காட்டுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று. கீழே ஒரு கேள்வி: “அப்படியானால் மதியம் என்ன சாப்பிட்டார்கள்?” காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுத்த பிரிக்ஸ் திட்டத்தை அதைவிட நன்றாக நான் விளக்கியதில்லை.

இப்போது பத்தில் ஐந்து இடப்பக்கத்துக்கு, மூன்று குறிப்பின் முழுமைக்கு, இரண்டு ஆண்டும் பெயரும் சரியாக இருப்பதற்கு. கையெழுத்துக்கு ஒன்றுமில்லை. சிவப்புப் பேனாவால் ‘நன்று’ என்று மட்டும் எழுதாமல் ஒரு கேள்வி எழுதுங்கள். அடுத்த முறை முதலில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டீச்சர், என் மகன் நண்பனைப் பார்த்து எழுதுகிறான். ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் என்ன செய்வான்? (ஒரு தாய்)

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. 2013 முதல் வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை. இரவில் புத்தகத்தை மூடச் சொல்லி, அன்றைய பாடத்தைத் தமிழில் உங்களுக்குச் சொல்ல வையுங்கள். தடுமாறும் இடத்தை அவனே இடப்பக்கத்தில் எழுதட்டும்.

புத்தகம் தொலைந்துவிட்டது, டீச்சர். எல்லாவற்றையும் மறுபடி எழுதணுமா? (நான்காம் படிவ மாணவர்)

வேண்டாம், ஐயா. காலக்கோட்டையும் சொற்பட்டியலையும் மட்டும் புதிதாக எழுது. குறிப்புக்குப் பாடநூல் இருக்கிறது. இடப்பக்கங்களில் நினைவிருப்பதை என்னிடம் வந்து வாயால் சொல், அதற்கே மதிப்பெண் போடுகிறேன்.