ஆக்டோபஸ் கேள்வி பதில்: மூடியை முதலில் பூட்டுங்கள்

கலிபோர்னியாவில் சான் டியேகோவில் இருக்கிறேன். ஏழு வருடத்தில் மூன்று ஆக்டோபஸ் வளர்த்தாயிற்று. மூன்றும் இந்தக் கடற்கரைக்கே உரிய இரட்டைப்புள்ளி வகை, கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீலப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரை வாசகி: தொட்டியை விட்டு ஓடிவிடும் என்கிறார்களே, உங்களிடம் நடந்திருக்கிறதா?

முதலாவதுக்கு மாயாண்டி என்று பேர். வந்த பதினோராம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் கால் வைத்தால் ஈரம். மோட்டார் ஒழுகுகிறது என்று நினைத்து விளக்கைப் போட்டேன். தொட்டியிலிருந்து செருப்பு அடுக்கு வரை ஈரக்கோடு, பெரிய நத்தை ஊர்ந்து போன மாதிரி. அடுக்குக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி, சாம்பல் பூத்து, உடம்பெல்லாம் தூசியும் தலைமுடியுமாக மாயாண்டி.

கையை நனைத்துக்கொண்டு அள்ளினேன். உறிஞ்சிகள் தரையை விடும்போது பொட் பொட் என்று ஒவ்வொன்றாகச் சத்தம் கேட்டது. ஒரு கையைப் பிரித்தால் இன்னொரு கை ஒட்டிக்கொள்ளும். எட்டுக் கையை இரண்டு கையால் பிரிக்கிற வேலை, அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். தொட்டிக்குள் விட்டதும் மூலைக்குப் போய் ரொம்ப நேரம் மூச்சு வாங்கியது. மறுநாள் சாயங்காலம் ஒரு நண்டைப் பிடித்துத் தின்றபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

வழி எங்கே என்று தேடினால், ஸ்கிம்மர், அதாவது தண்ணீர் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் கருவி, அதன் ஒயருக்காக மூடியில் நானே வெட்டிய ஓட்டை. என் கட்டைவிரல் நுழையும், அவ்வளவுதான். ஆக்டோபஸுக்கு எலும்பு கிடையாது. உடம்பில் கெட்டியான பெரிய பாகம் கிளி மூக்கு மாதிரியான அலகு ஒன்றுதான். அலகு நுழைந்தால் ஆளே நுழைந்தாயிற்று.

ஹூஸ்டன் வாசகர்: அப்படியென்றால் மூடி எப்படி இருக்க வேண்டும்?

தடிமனான அக்ரிலிக் பலகை, நான்கு பக்கமும் இறுக்கும் கொக்கி. மேலே செங்கல் வைத்தேன், புத்தகம் வைத்தேன் என்று வராதீர்கள். உள்ளிருந்து எட்டுக் கையாலும் தள்ளினால் செங்கல் நகரும். ஒயர், குழாய் போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் பிளாஸ்டிக் வலையை சிலிக்கோன் பசையால் ஒட்டுங்கள். மோட்டார் தண்ணீர் இழுக்கும் வாயில் ஸ்பாஞ்ச் கட்டுங்கள், இல்லாவிட்டால் கை உள்ளே போய் மாட்டும். தொட்டியின் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக பிளாஸ்டிக் புல்விரிப்பு ஒட்டினால் நல்லது, உறிஞ்சிக்கு அதில் பிடி கிடைக்காது. பெரிய மீன் காட்சியகங்களிலும் இதைச் செய்கிறார்கள்.

குழாய்த் திருகையும் மறக்காதீர்கள். 2009-ல் இங்கே சான்டா மோனிகா காட்சியகத்தில் இதே இரட்டைப்புள்ளி வகை ஒன்று தொட்டியின் வால்வைக் கழற்றிவிட்டது. ராத்திரி முழுக்க ஓடி, சுமார் 200 கேலன் தண்ணீர் தரையில். காலையில் ஆக்டோபஸ் நலம், தரைதான் நாசம்.

முக்கியமாக, பித்தளைக் கீல் போடாதீர்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு ஆக்டோபஸுக்கு விஷம்.

கோவை மாணவர்: தொட்டி எவ்வளவு பெரிது? என்ன செலவு?

குறைந்தது 200 லிட்டர், அதற்கு மேல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கடல் உப்புத் தண்ணீரை ஊற்றி, மூன்று மாதம் வெறுமனே ஓட்டி, கழிவு விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகுதான் உயிர் வாங்க வேண்டும். என் வகைக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். கோவை வெயிலுக்கு சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, இல்லாமல் நடக்காது. செலவைப் பற்றி ஒன்றே ஒன்று: ஆக்டோபஸ்தான் இருப்பதிலேயே மலிவான சாமான்.

கும்பகோணம் வாசகி: செம்புக் குடத்தில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்கிறோமே. ஆக்டோபஸ் ரத்தத்திலேயே செம்பு இருப்பதாகவும் படித்தேன். பிறகு எப்படி விஷம்?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இது. நமக்கு ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு, அதனால் சிவப்பு. அதற்கு ஹீமோசயனின் என்ற புரதத்தில் கட்டுண்டிருக்கும் செம்பு, அதனால் நீலம். மூன்று இதயம் வைத்து அந்த ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆனால் புரதத்துக்குள் கட்டிப்போட்ட செம்பு வேறு, தண்ணீரில் கரைந்து செவுளில் படும் செம்பு வேறு. இரும்புச்சத்து வேண்டும் என்று நாம் ஆணியை முழுங்குகிறோமா? மீன் நோய்க்கு விற்கிற பல மருந்துகளில் செம்பு உண்டு. பழைய தொட்டி வாங்கினால், முன்னால் அதில் என்ன மருந்து ஊற்றினார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். குடத்து நீரை நீங்கள் குடியுங்கள், அதற்கு வேண்டாம்.

சென்னை வாசகர்: மூடி மேல் கனமான கல் வைத்தால் போதுமா?

போதாது. மேலே பாருங்கள்.

பெங்களூர் வாசகி: எத்தனை வருடம் வாழும்?

ஒன்று, ஒன்றரை. இரண்டைத் தொட்டால் அதிர்ஷ்டம். மனதைத் தயார் பண்ணிக்கொண்டு வாங்குங்கள்.

துபாய் வாசகர்: கால்பந்து ஆட்டத்தைச் சரியாகச் சொன்னதே, அந்த மாதிரிப் பழக்க முடியுமா?

ஜெர்மனியில் இருந்த பால் (Paul) என்ற ஆக்டோபஸ். 2010 உலகக் கோப்பையில் எட்டுக்கு எட்டு சரி. அது தேடியது பெட்டிக்குள் இருந்த மட்டியை. கோப்பைக்கு ஜோசியரிடம் போங்கள்.

தூத்துக்குடி வாசகர்: எங்கள் பக்கம் இதைப் பேய்க்கணவாய் என்போம். வலையில் சும்மாவே வருகிறது. ஒன்றைக் கொண்டுபோய் வளர்க்கலாமா?

பேய்க்கணவாய் என்ற பேருக்கு என் ஓட்டு. எண்காலி என்றால் சிலந்தியும் சண்டைக்கு வரும். அதுவும் இவை கால் அல்ல, கை.

வளர்ப்புக்கு மட்டும் வேண்டாம். வலையில் வந்தது அடிபட்டு, நசுங்கி, பட்டினியாக இருக்கும். வந்தது என்ன வகை, எத்தனை மாதம் என்று எதுவும் தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், நீலவளைய ஆக்டோபஸ். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உண்டு. பார்த்தால் உள்ளங்கையில் அடங்கும் குட்டி. சும்மா இருக்கும்போது மங்கலாக இருக்கும், சீண்டினால் வளையங்கள் பளீரென்று நீலமாகும். கடித்தால் வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. செயற்கை மூச்சு கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதுதான். குட்டியாக எது வந்தாலும் வெறுங்கையால் எடுக்காதீர்கள்.

யாழ்ப்பாண வாசகர்: அண்ணை, நியூசிலாந்தில் இங்கி எண்ட ஆக்டோபஸ் கடலுக்கே தப்பிப் போனது. அதுக்குச் சுதந்திரம் வேணும் எண்டுதானே? நீங்கள் மூடி போட்டுப் பூட்டிறது சிறைதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2016, நேப்பியர் ஊர் தேசியக் காட்சியகம். மூடி சரியாக மூடாமல் இருந்த ஒரு ராத்திரியில் இங்கி ஏறி இறங்கித் தரையைக் கடந்து, வடிகால் குழாய்க்குள் புகுந்துவிட்டது. ஐம்பது மீட்டர் குழாய், மறுமுனை கடல். சரி. ஆனால் அங்கேயே பிளாட்சி என்று இன்னொரு ஆக்டோபஸ் இருந்தது. அது போகவில்லை. பிளாட்சிக்குச் சுதந்திரம் பிடிக்காதா?

ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலடியில் மண் குடத்தைக் கட்டி இறக்குவார்கள். தாக்கோட்சுபோ என்று பேர். இரையும் கிடையாது, மூடியும் கிடையாது. இருட்டான பொந்து கிடைத்தது என்று தானே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே இழுக்கும்போதும் வெளியே வராது. சுதந்திரத்துக்கு அலைகிற பிராணி திறந்த குடத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறது?

யாழ்ப்பாண வாசகர் மறுபடி: குடம் அது தெரிஞ்செடுத்த வீடு. உங்கட தொட்டி நீங்கள் குடுத்த வீடு. ரெண்டும் ஒண்டோ?

அடி விழுந்த இடம் வலிக்கத்தான் செய்கிறது, தம்பி. மாயாண்டி ஓடியபோது தொட்டிக்குள் பொந்து என்று ஒன்றும் வைத்திருக்கவில்லை, வெறும் மணலும் இரண்டு கல்லும்தான். கடைக்காரர் சொன்னதை நம்பினேன். பிறகு வாய் குறுகிய மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். ராத்திரியோடு ராத்திரியாக அதற்குள் குடிபோய், வாசலில் சிப்பி ஓடுகளை அடுக்கிவிட்டது. அதன்பிறகு ஒரே ஒரு முறைதான் மேலே ஏறி விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியா ஏறியிருந்தது. இறந்த நண்டு ஒன்று கல்லிடுக்கில் அழுகிக்கொண்டிருந்தது. என் பார்வையில் ஓட்டம் என்பது புகார். பொந்து இல்லை, தண்ணீர் சரியில்லை, பசி, சலிப்பு.

தூத்துக்குடி வாசகர்: நடுவில் வருகிறேன். எங்கள் நண்டுக் கூட்டில் பேய்க்கணவாய் புகுந்து, நண்டைத் தின்றுவிட்டு, வந்த வழியே போய்விடும். உங்கள் குடத்துக் கதைக்கு இது என்ன பதில்?

இதை நான் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். அங்கே சாப்பாடு முடிந்ததும் போகிறது, குடத்தில் வீடு கிடைத்ததும் தங்குகிறது.

யாழ்ப்பாண வாசகர்: அப்ப புகாரைக் கேட்டுத் திறந்துவிடலாமே, ஏன் பூட்டு?

ஏனென்றால் என் வீட்டு மூடிக்கு வெளியே கடல் இல்லை, கம்பளம் இருக்கிறது. இரண்டாவதாக வளர்த்த வேலு ஆண். வயதானதும் பகலிலேயே இலக்கில்லாமல் சுற்ற ஆரம்பித்தான். ஆண்களுக்குக் கடைசிக் காலத்தில் இது வழக்கம். ஒரு நாள் ஒரு கொக்கியை மாட்ட மறந்தேன். காலையில் சோபாவுக்கு அடியில், காய்ந்து. இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாமே.

சேலம் வாசகர்: சலிப்பு என்றீர்களே, விளையாடுமா?

விளையாடும். சியாட்டில் காட்சியகத்தில் மிதக்கும் மாத்திரை டப்பாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆக்டோபஸ்கள் தண்ணீரை ஊதி அதைத் தள்ளிவிட்டு, திரும்பி வந்ததும் மறுபடி ஊதின. வீட்டில் திருகுமூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குள் நண்டை விட்டுக் கொடுங்கள். மாயாண்டிக்கு முதல் நாள் அரை மணி நேரம் பிடித்தது, நாலாம் நாள் இரண்டே நிமிஷம்.

திருச்சி வாசகர்: செம்புக் கம்பி வலை போட்டு மூடினால் உறுதியாக இருக்குமே?

ஐயா.

நாகர்கோவில் வாசகி: இதை எப்படிச் சமைப்பது?

தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள்.

அட்லாண்டா வாசகர்: எத்தனை வருடம்...

ஒன்று, ஒன்றரை. மூடி, செம்பு, ஆயுள் மூன்றையும் இனி யாரும் கேட்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

மதுரை வாசகி: மூன்றாவது எப்படி இருக்கிறது?

செல்லாத்தா. போன மாதம் மண்சட்டிக்குள் முட்டை வைத்துவிட்டாள். ஆண் இல்லாத தொட்டி, முட்டை பொரியப் போவதில்லை, அது அவளுக்குத் தெரியாது. உறிஞ்சிகளால் துடைப்பதும் தண்ணீர் ஊதுவதுமாக இருக்கிறாள். சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், வாசலில் நண்டை விட்டால் ஒரு கையால் தள்ளிவிடுகிறாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வைச் சுரப்பிதான் இதற்குக் காரணம். 1977-ல் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டையிட்ட பெண் ஆக்டோபஸ்களுக்கு அதை அறுத்து எடுத்தார். அவை முட்டையை விட்டுவிட்டு, மறுபடி தின்று, அதிக நாள் வாழ்ந்தன. என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எழுத வேண்டாம்.

நேற்று மூடியைக் கழற்றித் துடைக்கும்போது போன் வந்தது, பேசிக்கொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டேன். அரை மணி கழித்து ஞாபகம் வந்து ஓடிவந்தால், திறந்த தொட்டியில் சட்டிக்குள் அப்படியே இருந்தாள். நான்கு கொக்கியையும் மாட்டினேன்.